பதினோராவது படத்தில் அப்பா

படிப்பின் கடைசிப் பருவத்தில் எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. படம் வரைவதைத் தொழிலாகக் கொள்ளப் போகிறவள் தான் யார் என்பதை ஊருக்கு எப்படிக் காட்டிக்கொள்வது என்பதுதான் அது. ஒரு பெயர் வேண்டும், ஒரு சின்னம் வேண்டும், தன்னைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் வேண்டும், பார்த்தவுடனே 'இது இன்னார் கை' என்று சொல்லவைக்கிற ஒரு படவரிசை வேண்டும். போதாக்குறைக்கு, இந்த வாரம் நான் எவ்வளவு முன்னேறியிருக்கிறேன் என்று வாராவாரம் இணையத்தில் ஒரு பக்கம் எழுதிப் போட வேண்டும்.

முன்னேற்றமாம், மண்ணாங்கட்டி. நான் எழுதியதெல்லாம் சுத்தப் புளுகு. 'நிறங்களைப் பற்றிய என் புரிதல் ஆழமாகியிருக்கிறது' என்று எழுதியிருப்பேன். அந்த வாரம் முழுக்க என் பெயரைச் சாய்த்து எழுதுவதா நேராக எழுதுவதா என்று மாற்றி மாற்றிப் பார்த்துக் கண் பூத்துப்போய் உட்கார்ந்திருந்ததுதான் நிஜம். எழுதி அனுப்பிய கையோடு அடுத்த வாரம் என்ன புளுகுவது என்ற கவலை வந்துவிடும்.

எனக்கு ஒன்றில் நிலைத்து நிற்க வராது. திங்கட்கிழமை நீர்வண்ணம் மாதிரி மெதுமெதுவென்று வரைவேன். புதன்கிழமை யாரோ ஒருத்தி தடித்த கறுப்புக் கோட்டில் வரைந்ததைப் போனில் பார்த்துவிட்டால் போச்சு, எனக்கும் தடித்த கோடு வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டையும் அழித்திருப்பேன். படகு வரைகிறவர்களை எல்லாரும் பாராட்டுகிறார்களே என்று அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோத்தா கோலா மூடா மீனவர் கிராமம் வரைக்கும் போனேன். வெயிலில் மண்டை காய்ந்ததுதான் மிச்சம். இரண்டு படகை அரைகுறையாகக் கிறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அம்மா என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "நீ என்னா படிக்கப் போனியா, மீன் விக்கப் போனியா?" என்றாள்.

எங்கள் வீடு குருண் என்ற சிற்றூரில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில் இருக்கிறது. அப்பா அங்கேயே ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவர். அம்மாவுக்குப் பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை. கல்லூரி சுங்கைப் பட்டாணியில் இருந்ததால் தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் கூட என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த ஒரு மலாய் அம்மா ஒருநாள் என் முழங்காலைக் கையால் அழுத்தி நிறுத்திவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் ஆட்டம் நிற்கவில்லை.

காரணம் இருந்தது. பினாங்கில் குழந்தைகளுக்கான படப் புத்தகம் செய்கிற ஒரு சின்ன நிறுவனம், எங்கள் வகுப்பிலிருந்து ஒருவரைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. கடைசிப் படவரிசையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அந்த இடம் எனக்கு வேண்டும். வேண்டும் என்றால் சாதாரணமாக இல்லை, அப்படி வேண்டும். ஆனால் இடம் கிடைத்தாலும், பினாங்கில் போய்த் தங்குவதற்கு அப்பா சரி என்று சொல்ல வேண்டும். அப்பா சொல்லாவிட்டால் மாமா தன் கம்பெனியில் சொல்லி வைத்திருந்த ஸ்டோர் கிளார்க் வேலைக்குத்தான் நான் போக வேண்டும்.

மாமா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைத்தான் சொல்வார். "ஏர்கோன் ரூம்லா. உக்காந்த எடத்துல வேல. இவ என்னான்னா கார்ட்டூன் போடணும்ங்கறா."

அப்பா அதற்கு ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். "ஊருல ஒருத்தராச்சும் நீ வரைஞ்சத எடுத்துச் செவுத்துல மாட்டட்டும். அப்பறம் பினாங்கப் பத்திப் பேசுவோம்." அவ்வளவுதான். அது நியாயமான பேச்சு என்பதால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

விரிவுரையாளர் என் படங்களை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தார். கோபமாகப் பேசுகிறவர் இல்லை. ஐந்து பேர் வரைந்தது மாதிரி இருக்கிறது, இதில் நீ எந்த ஆள் என்று கேட்டார். எனக்குக் காது சுட்டது. யாராவது நிஜமாகவே கேட்டு, நிஜமாகவே உபயோகிக்கப் போகிற ஒரு நீண்ட வரிசையைச் செய்துகொண்டு வா, அப்போது உனக்கே தெரிந்துவிடும் என்றார். யார் கேட்பார்கள் என்னிடம்? என் பெயரை எந்த எழுத்தில் போடுவது என்றே தெரியாதவளிடம் போய் யார் படம் கேட்பார்கள் என்று பஸ்ஸில் வரும்போது எனக்குள் புலம்பிக்கொண்டே வந்தேன்.

அம்மாதான் வழி சொன்னாள். நாங்கள் கத்தோலிக்கர்கள். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்குள் எங்கள் சின்னக் கோயில். தோட்டத்தில் இப்போது எங்கள் ஆட்கள் அதிகம் இல்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சுற்றுவட்டாரத் தாமான்களிலிருந்து கார்களில் காடி காடியாக வந்துவிடுவோம். அந்தக் கோயில் சுவரில் சிலுவைப் பாதைப் படங்கள் பதினான்கு உண்டு. ஆண்டவருக்குத் தீர்ப்புச் சொன்னதில் தொடங்கி அடக்கம் செய்ததுவரை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம். நிலை என்போம். ஈஸ்டருக்கு முந்தின தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் சேர்ந்து ஒவ்வொரு நிலையாக நின்று ஜெபித்து முட்டி போட்டுப் போவோம். கூரை ஒழுகி அந்தப் படங்கள் எல்லாம் உப்பிப் போய்விட்டன.

"புதுசா வாங்கப் போறாங்களாம். நீ வரைஞ்சு குடுத்தா என்னா?" என்றாள் அம்மா.

கோயில் தலைவரிடம் போய்க் கேட்டேன். தோட்ட ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணி, எல்லாருக்கும் அவர் அங்கிள்தான். "நம்ம புள்ள வரைஞ்சா வெளியில எதுக்கு வாங்கணும்? சீக்கிரமா முடிச்சிரும்மா, தவக்காலம் வந்திரும்," என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை. கோயிலில் மாட்டினால் அப்பா சொன்னது நடந்த மாதிரி, பதினான்கு படமும் ஒரே வரிசை என்பதால் விரிவுரையாளர் சொன்னதும் நடந்த மாதிரி.

முதல் மூன்று படத்தைத் தூக்கிப் போட்டேன். ஆண்டவர் கொரிய நாடகத்துக் கதாநாயகன் மாதிரி வந்துவிட்டார். கண் பெரிசு, மூக்கு கூர்மை, முடி காற்றில் பறக்கிறது, அடிபட்ட ஆள் மாதிரியே இல்லை. போனில் யார் யாருடைய படத்தையோ பார்த்துப் பார்த்து என் கைக்குள் வேறு ஆட்கள் குடியேறியிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு என் மேலேயே அப்படி ஒரு வெறுப்பு வந்தது. கணினிப் பேனாவை வைத்துவிட்டு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடந்தேன். அம்மா, "ஒரு எடத்துல உக்காருடி, எனக்குத் தல சுத்துது," என்று கத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முகத்துக்கு நான் ஏன் போனைப் பார்க்கிறேன்? இதோ நிற்கிறார்களே. உடனே எல்லாரையும் படம் பிடிக்க ஆரம்பித்தேன். போனில் இருக்கிற கோயில் குழுவில் போடத்தான் எடுக்கிறேன் என்று நினைத்துப் பாதிப் பேர் பல்லைக் காட்டினார்கள். பாட்டுக் குழு அக்கா, லாரி ஓட்டுகிற அண்ணன், எந்நேரமும் எதையாவது குறை சொல்கிற அந்தத் தடித்த ஆண்ட்டி, எல்லாரும் என் போனுக்குள் வந்துவிட்டார்கள். சிரிப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு முகமும் அவ்வளவு நன்றாக இருந்தது.

பதினோராவது நிலை ஆண்டவரைச் சிலுவையில் அறைவது. அதற்குச் சுத்தியல் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவை விட்டால் யார் இருக்கிறார்கள்? வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவரிடம், "அப்பா, கொஞ்சம் ஆணி அடிக்கிற மாதிரி உக்காருங்களேன், ஒரு படம் எடுத்துக்கறேன்," என்றேன்.

"என்னாத்துக்கு?"

"கோயில் படத்துக்குப்பா."

தேத்தண்ணியைக் கீழே வைத்தார். முன்வாசல் சிமெண்டுத் தரையில் ஒரு பழைய பலகையைப் போட்டு, அதன்மேல் குனிந்து, நிஜமாகவே ஓர் ஆணியை அடித்தார். அடிக்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்வார். கண் ஆணியை விட்டு நகராது. அந்த முகத்தில் கோபம் கிடையாது, வெறி கிடையாது. வேலையைக் கோணலாகச் செய்துவிடக் கூடாதே என்ற கவனம் மட்டும்தான்.

அந்தப் படத்தை வரைந்த நாளை நான் மறக்க மாட்டேன். பள்ளிக்கூட விடுமுறை, அம்மா சமையலறையில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள், நான் மேசையை விட்டு எழவே இல்லை. கால் ஆடவில்லை. ஆண்டவரின் உள்ளங்கைமேல் குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒரு படைச் சேவகன். கொடுமையான முகத்தைப் போட்டிருந்தால் பார்க்கிறவர்கள் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். இவனைத் திட்டவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். இது வேறு யார் கையும் இல்லை, என் கைதான் என்று முதல் தடவையாகத் தெரிந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பாவிடம் காட்டியிருக்க வேண்டாமா என்று இப்போது யாரும் கேட்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குள் அது எனக்கு அப்பாவாக இல்லை, படமாக ஆகியிருந்தது. பதினான்கையும் நகரத்தில் பந்திங், அதாவது துணிப் பதாகை அடிக்கிற கடைக்கு அனுப்பிவிட்டேன். எங்கள் கோயில் வழக்கப்படி ஒவ்வொரு படத்தையும் ஒரு குடும்பம் உபயமாக ஏற்றுக்கொள்ளும், படத்துக்குக் கீழே அந்தக் குடும்பத்துத் தலைவர் பெயரைப் போடுவார்கள். அதைத் தலைவர் அங்கிள் பார்த்துக்கொண்டார்; பெயர்ப் பட்டியல் அவரிடமிருந்து நேராகக் கடைக்குப் போனது. யார் எந்தப் படம் என்று நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் நிறைந்திருந்தது. அப்பா ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். அன்றைக்குத்தான் படங்களை முதன்முதலாக மாட்டியிருந்தார்கள். புதுப் படம் என்பதால் அங்கிள் ஓர் ஏற்பாடு சொன்னார்: உபயம் கொடுத்த குடும்பம் தன் நிலை வரும்போது முன்னால் வந்து மரச்சிலுவையை வாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

முதல் நிலையிலேயே கசமுசா என்று பேச்சு கிளம்பிவிட்டது. தீர்ப்புச் சொல்லிக் கையைக் கழுவுகிற அதிகாரி தலைவர் அங்கிளேதான். "ஏய், அங்கிள்டா!" என்று யாரோ சொல்ல, அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார். "என்னாம்மா இது?" என்று என்னை முறைத்தார், ஆனால் தோளை நிமிர்த்திக்கொண்டதை நான் பார்த்தேன். ஆண்டவர் முகத்தைத் துடைக்கிற பெண் பாட்டுக் குழு அக்கா. அவருக்கு வாயெல்லாம் பல். அழுகிற பெண்கள் கூட்டத்தில் குறை சொல்கிற ஆண்ட்டியைப் போட்டிருந்தேன். "நான் இவ்ளோ குண்டாவா இருக்கேன்?" என்று ஜெபத்துக்கு நடுவே அவர் கேட்டது எல்லாருக்கும் கேட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஒருவர்கூடப் படத்தைப் பார்க்காமல் நகரவில்லை.

பதினோராவது நிலையில் அங்கிள் அப்பாவின் பெயரைப் படித்தார்.

அப்போதுதான் படத்துக்குக் கீழே பார்த்தேன். அப்பாவின் பெயர், பக்கத்தில் 'குடும்பத்தினர் உபயம்'. மேலே சுத்தியலோடு அப்பா. ஆணி அடிக்கிற படத்தில் தன் குடும்பப் பெயர் வருவதை யாரும் விரும்பவில்லையாம். எல்லாரும் தாயைச் சந்திக்கிற படத்துக்கும் முகம் துடைக்கிற படத்துக்கும் போட்டி போட்டிருக்கிறார்கள். ஒன்று மட்டும் மிஞ்சி நிற்கிறதே என்று அங்கிள் போனில் சொன்னபோது, மகள் வரைந்த வரிசையில் ஒன்று ஆள் இல்லாமல் நிற்கக் கூடாது என்று அப்பா, "நான் எடுத்துக்கறேன் அண்ணே," என்று சொல்லிவிட்டாராம். அம்மா பிறகு சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும்.

அப்பா முன்னால் போய்ச் சிலுவையை வாங்கினார். நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் விட்டார்கள். அப்பா கீழே தன் பெயரைப் பார்த்தார், மறுபடியும் மேலே பார்த்தார். ஜெபம் படித்து முடிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து முட்டி போட்டார். எழுந்து, சிலுவையை அடுத்த குடும்பத்திடம் கொடுத்துவிட்டு, பின்னால் வந்து சுவரோரமாக நின்றுகொண்டார்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா வெடித்தாள். "ஒனக்கு ஊருல வேற ஆளே கெடைக்கலியா? பெத்த அப்பனைப் போயி சேவகனாக்கி வச்சிருக்கியே, வெக்கமா இல்ல?"

"அது அப்பாவ அசிங்கப்படுத்த இல்லம்மா, அது நல்ல படம்."

"நல்ல படம்! கொண்டு போயி ஒன் டீச்சர்கிட்டச் சொல்லு."

அதற்குள் யாரோ போனில் பிடித்துக் குழுவில் போட்டு, அது பண்டார் பாருவில் இருக்கும் அத்தை வரைக்கும் போய்விட்டது. "ஏன்டி, எங்கண்ணன் மொகம் ஒனக்கு அவ்ளோ எளக்காரமா?" என்று அத்தை போனில் அழுதார். மாமாவுக்கு வாய்ப்பாகப் போயிற்று. "இதுக்குத்தான் சொன்னேன், கிளார்க் வேலையில இந்த சூசா, தொல்லையெல்லாம் வராது."

படவரிசையை விரிவுரையாளருக்கும் அனுப்பியிருந்தேன். அவர் அந்தப் பதினோராவது படத்தைப் பினாங்கு நிறுவனத்துக்குக் காட்டியிருக்கிறார். இந்தப் பெண் எங்களுக்கு வேண்டும், ஈஸ்டர் முடிந்ததும் வரச் சொல்லுங்கள் என்று பதில் வந்துவிட்டது. எத்தனை மாதமாக ஏங்கிய செய்தி. அதை அம்மா காதில் மட்டும் போட்டேன்; அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த இடத்தை வாங்கிக்கொடுத்த படமே அப்பாவைக் கோயில் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. இனி அவரிடம் போய், நான் பினாங்கு போகட்டுமா என்று எந்த முகத்தோடு கேட்பது?

தலைவர் அங்கிளும் கூப்பிட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நான் ஸ்போர்ட்டிங்லா, தமாஷா எடுத்துக்குவேன். ஆனா ஒங்கப்பா பாவம். மூஞ்சிய மட்டும் மாத்திடு. ரெண்டு நிமிஷ வேலதானே? யாராச்சும் வெள்ளக்காரன் மூஞ்சியப் போடு."

ரெண்டு நிமிஷ வேலையாம். போனை வைத்துவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக் கத்தினேன்.

அப்பா மட்டும் எதுவும் சொல்லவில்லை. பசியாறினார், வேலைக்குப் போனார், வந்தார். அதுதான் என்னைக் கொன்றது. திட்டுவார் என்று பதில்களைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். கலை என்றால் என்ன, முகம் என்றால் என்ன என்று ஒரு பிரசங்கமே மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் திட்டவே இல்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மோட்டார் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர், நான் வாசலைக் கடந்து போகும்போது நிமிராமலே கேட்டார்.

"நீ என்னைய அப்படித்தான் பாக்கிறியாம்மா?"

"எப்படிப்பா?"

"யாரு என்னா சொன்னாலும் கேட்டுக்கிட்டு, குடுத்த வேலையச் செஞ்சுட்டுப் போற ஆளு. யாருக்கு வலிக்குதுன்னு பாக்காத ஆளு."

"ஐயோ, இல்லப்பா!" எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க அடிக்கிறப்ப எவ்ளோ கவனமா அடிச்சீங்க. அதத்தான்பா வரைஞ்சேன். அந்தக் கவனத்தத்தான். எனக்கு அவ்ளோ புடிச்சிருந்துச்சு."

அப்பா துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். "படம் நல்லாத்தான்மா இருக்கு. நான் குத்தம் சொல்லல. ஆனா எனக்கு அதுக்கு முன்னால முட்டி போட முடியல. அன்னிக்கிப் போட்டேன், அதுக்கப்பறம் ஒரு வெள்ளிக்கிழமையும் என்னால போட முடியல. பின்னாலயே நின்னுக்கறேன்."

என் படம் நல்ல படம்தான், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் முட்டி போடுவதற்காக மாட்டுகிற படத்தின் முன்னால் ஒரு மனுஷனால் முட்டி போட முடியவில்லை என்றால், அங்கே அதற்கு என்ன வேலை? மாற்றுகிறேன் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சங்கிலியைப் பார்க்கக் குனிந்தார்.

மாற்ற உட்கார்ந்தால் வரவில்லை. வெள்ளைக்காரன் முகம் போட்டேன், அந்தக் கைக்கு அது ஒட்டவே இல்லை. கொடூரமான ஒரு முகம் போட்டேன், தெருக்கூத்தாக இருந்தது. கோபத்தில் என் முகத்தையே போட்டுப் பார்த்தேன். பின்னால் வந்து எட்டிப் பார்த்த அம்மா, "வெளங்கிரும்! அடுத்தது நானா?" என்றாள். பல நாளைக்கப்புறம் வீட்டில் கேட்ட முதல் கிண்டல் அது. இருவரும் சிரித்துவிட்டோம், பிறகு அதையும் அழித்தேன்.

கடைசியில் ஓர் இரும்புத் தொப்பி போட்டேன். குனிந்திருக்கிற சேவகனுக்குப் பெரிய தொப்பி; விளிம்பு நெற்றியை மறைக்க, பக்கத் தகடுகள் கன்னத்தை மறைக்க, மிச்சத்தை நிழல் மறைத்துவிடும். நாங்கள் கணினியில் வரையும்போது ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள் வைத்த மாதிரி அடுக்கிக்கொண்டு வரைவோம். மேலடுக்கில் எதை வரைந்தாலும் கீழே இருப்பது அழியாது. தொப்பியை வரைந்து முடித்ததும் கீழடுக்கை அழித்துவிடலாமா என்று திரையில் கேள்வி வந்து நின்றது. என்னால் அதை அழுத்த முடியவில்லை. அப்படியே சேமித்துக் கடைக்கு அனுப்பினேன்.

அந்த வாரத்து முன்னேற்றப் பக்கத்தில், 'இந்த வாரம் முன்னேற்றம் ஒன்றும் இல்லை. நான் வரைந்ததிலேயே நல்ல முகம் ஒன்றை மூடினேன். கேட்டவர் சொன்ன காரணம் சரியாக இருந்தது' என்று எழுதினேன். அந்தப் பருவத்தில் நான் எழுதிய ஒரே உண்மை அதுதான். எனக்கு என்ன மதிப்பெண் விழுந்தது என்று பார்க்கக்கூட மனம் வரவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயிலுக்குள் இடமில்லாமல் வெளியே செம்பனை நிழல்வரை கூட்டம் நின்றது. புதுப் படத்தை மாட்டியிருந்தார்கள். பதினோராவது நிலை வந்ததும் கூட்டத்துக்கு நடுவே அப்பாவைத் தேடினேன். சுவரோரத்தில் அவர் இல்லை. முன்னால் போய்ச் சிலுவையை வாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் முட்டி போட்டபோது அவரும் போட்டார், மற்றவர்கள் எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். படத்தை யாரும் நின்று பார்க்கவில்லை. ஒரு தொப்பி, ஒரு சுத்தியல், அதைத் தாண்டி அடுத்த நிலைக்குப் போய்விட்டார்கள். பொய் சொல்ல மாட்டேன், அப்பா முட்டி போட்டார் என்ற சந்தோஷமும் இருந்தது, என் படம் செத்துப்போனது என்ற துக்கமும் இருந்தது.

எல்லாம் முடிந்து அம்மா கோயிலில் கொடுக்கிற கஞ்சியை வாங்கப் பாத்திரத்தோடு வரிசையில் நின்றாள். அப்பாவும் நானும் காடியில் உட்கார்ந்திருந்தோம். வெயில் கண்ணாடி வழியாக மடியில் அடித்தது.

"தொப்பி நல்லாருக்கு," என்றார்.

"ம்."

"அதுக்குள்ள யாரு?"

யாரும் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். "நீங்கதான்பா. மூஞ்சி அப்படியேதான் இருக்கு. மேல வேற ஒரு தாள் வச்ச மாதிரி, அதுலதான் தொப்பி. அத எடுத்தா கீழ நீங்கதான்."

"அப்ப அழிக்கல?"

"மனசு வரலப்பா."

நான் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அம்மா கஞ்சிப் பாத்திரத்தைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வந்து ஏறினாள். அப்பா காடியைக் கிளப்பினார். செம்பனைக்கு நடுவே மண்பாதை முடிந்து, பெரிய ரோட்டில் ஏறுவதற்காக ஒரு லாரி போகட்டும் என்று நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தார்.

"பினாங்குக்குப் போறப்ப அதையும் கொண்டு போயிரும்மா," என்றார். "அழிச்சிராத."